நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

கொம்பன்குளம் பேரூராட்சியில் பதினெட்டுத் தெருவுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிற குற்றாலிங்கம் ஒரு பழைய கார் வாங்கினார், அந்தக் கார் ரோட்டைத் தொடவில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு விட்டுவிட்டால் அந்த மனுசன் பட்ட பாடு யாருக்கும் தெரியாமல் போய்விடும், அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

விடிகாலையில் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருமுனைக்குத் தெருமுனை போய், குழிக்குள் சாவியை இறக்கி, இடுப்பை வளைத்து வால்வைத் திருகுவது அவர் வேலை. திருகியதும் வீடு வீடாகக் குழாய் சீறும், குடம் உருளும், பெண்கள் ஓடிவருவார்கள், ஆனால் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் ஊர் சொல்லுமே தவிர குற்றாலிங்கம் வந்துவிட்டார் என்று ஒரு நாளும் ஒரு வாய் சொன்னதில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரும் சலித்து, அந்தக் கேள்வியையும் ஒரு கட்டத்தில் கைவிட்டுவிட்டது. சில நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்ப்பார், காலையில் டீக்கடையில் "சீனி கம்மி" என்று சொன்னதுதான் அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் சோற்றுக்குத்தான்.

அப்படிப்பட்டவருக்கு எதற்குக் கார் என்று கேட்பீர்கள். நாலு வருசம் முன்னால் பேரூராட்சி ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து திருச்செந்தூருக்கு வாடகைக் கார் பிடித்தபோது, எட்டாவது ஆளாக அவரையும் பின்னால் திணித்துக்கொண்டு போனார்கள். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி தூக்கித் தூக்கிப் போட, ஒருத்தர் தலை இன்னொருத்தர் தலையில் மோத, "ஏய் மெதுவா" என்று ஒருத்தர் கத்த, அதற்கு இன்னொருத்தர் பதில் சொல்ல, பதிலிலிருந்து ஒரு பழைய கதை கிளம்ப, கதைக்கு நடுவே குற்றாலிங்கத்தைப் பார்த்து "நீரு என்னவே சொல்லுதீரு?" என்று யாரோ கேட்க, அவர் சொல்ல, ஏழு பேரும் சிரிக்க, அன்றைக்குப் போல ஒரு நாள் அவருக்கு அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஒரு கார் இருந்தால் ஆட்கள் ஏறுவார்கள், ஏறினால் பேசுவார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். பாவம், தப்புக் கணக்கு என்று சொல்ல முடியாது.

கடையநல்லூர்ப் புரோக்கர் மசூது நேர்மையான ஆள். கார் சாவியைக் கையில் கொடுக்கும்போதே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, இஞ்சினு சுத்தம், பாடி சுத்தம், ஒரு பொட்டுத் துரு கெடையாது. ரோடு டாக்ஸ் மட்டும் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு. பழைய ஓனரு கட்டாம விட்டுட்டாரு. வாங்குதவருதான் பாக்கியச் சேத்துக் கட்டணும். அதக் கட்டுனாத்தான் வண்டி உங்க பேருக்கு மாறும். நாளைக்கு மசூது சொல்லலையேன்னு சொல்லப்படாது."

"கட்டிருவோம்" என்றார் குற்றாலிங்கம். அடுத்த வாரமே கட்டிவிடத்தான் நினைத்தார்.

வண்டி வந்த வெள்ளிக்கிழமை, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வழக்கம்போல நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். டீக்கடை ஆவுடையப்பன்தான் முன்னால் நின்று, "ம், எடும்வே, நேரா எடும்" என்று கை காட்டினார். குற்றாலிங்கம் முருகா என்று வண்டியை எடுத்தார். வண்டி பத்தடி போய் நின்றது. பார்த்தால் நாலு பழமும் வைத்தது வைத்தபடி முழுசாக இருக்கின்றன. பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். பழத்தில் ஒரு கீறல் இல்லை. ஆவுடையப்பன் முழங்காலிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"நாலு விரக்கடை எடவெளி இருக்கு. டாக்ஸ் கட்டாத வண்டியில்லா, ரோடு தொட விடலை. வேற ஒண்ணுமில்ல. பழத்த வீணாக்காண்டாம், சர்பத்துப் போடுதேன், எல்லாரும் வாங்க."

அதோடு அந்த ஆச்சரியம் முடிந்தது. எப்படி உருளுகிறது, எதை மிதித்து ஓடுகிறது என்று கேட்ட பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரின் வாயையும், "ஓடுதுல்ல சார், பொறவென்ன?" என்று ஊர் அடைத்துவிட்டது.

கொம்பன்குளத்திலிருந்து டவுனுக்குப் பதினாறு கிலோமீட்டர், அந்தப் பதினாறும் பள்ளம். முதலில் அந்த வண்டியில் போனது நிறைமாசக்காரி ஒருத்தி. வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஏறியவள் போய்ச் சேரும்வரை ஒரு குலுக்கல் இல்லை என்று சொன்னாள். மறுநாள் முட்டை வியாபாரி வந்தார், முப்பது தட்டு முட்டையில் ஒன்று விரியவில்லை. அப்புறம் முதுகெலும்பு நகர்ந்தவர் வந்தார், கண் ஆபரேசன் முடிந்தவர் வந்தார், உலகநாயகி அம்மன் கோயிலிலிருந்து ஏற்றிய விளக்கை அணையாமல் மலையடிவாரக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வந்தவர்கள் மடியில் விளக்கை வைத்துக்கொண்டு போனார்கள், சுடர் ஆடவில்லை. குற்றாலிங்கத்தின் வீட்டு வாசலில் காலையில் ஐந்து பேர், சாயங்காலம் பத்துப் பேர். பெட்ரோலை ஊரே பார்த்துக்கொண்டது. அந்த மனுசன் வாசலைத் தெளித்து நாலு நாற்காலி வாங்கிப் போட்டு, வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டே தொண்டை கட்டிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தொண்டை கட்டியது, அதில் அவருக்கு அத்தனை சந்தோசம்.

ஆனால் வண்டியில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

ஏறும்போது என்னமோ பேசிக்கொண்டுதான் ஏறுவார்கள். அரிசி மில் திருப்பம் தாண்டுவதற்குள் ஒருத்தர் கொட்டாவி விடுவார், அடுத்தவர் விடுவார், பாலம் வருவதற்குள் வண்டி முழுக்கக் குறட்டை. அசைவே இல்லாமல் மிதக்கிற வண்டியில் உடம்பு வேறென்ன செய்யும்? ஸ்டியரிங் பிடித்தவருக்கு மட்டும் அந்தத் தூக்கம் ஏறவில்லை. இது தெரிந்ததும் ஊர் இன்னும் குசியாகிவிட்டது. தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து தூங்காத தாய்மார் வந்தார்கள். டவுனில் ஒரு வேலையும் இல்லாதவர்கள் "சும்மா ஒரு சுத்துப் போயிட்டு வாரேன்" என்று ஏறித் தூங்கி, திரும்பி வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு போனார்கள். வழியில் மறித்து "டாக்ஸ் எங்கவே?" என்று கேட்ட போலீஸ்காரர்கூட, வண்டியைச் சோதிக்கிறேன் என்று முன்சீட்டில் உட்கார்ந்தவர் டவுனில்தான் கண் விழித்தார்.

யோசித்துப் பாருங்கள், பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கார் வாங்கின ஒரு மனுசன், ஏழு தலை சாய்ந்து கிடக்கிற வண்டியைப் பதினாறு கிலோமீட்டர் ஒற்றையாக ஓட்டிக்கொண்டு போகிறார், பதினாறு கிலோமீட்டர் ஒற்றையாக ஓட்டிக்கொண்டு வருகிறார். வெறும் வீட்டில் தனியாக இருந்ததைவிட இது கொடுமை. வெறும் வீட்டில் யாரும் இல்லை, அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே ஏழு பேர் இருக்கிறார்கள்.

ஆடி மாசம் வாக்கில் அவராகப் பேச ஆரம்பித்தார். முதலில் "இந்தா வலது பக்கம் புதுசா பெட்ரோல் பங்கு போட்டிருக்கான்" என்று சும்மா வழியைச் சொன்னார். அப்புறம் எந்தத் தெரு வால்வு முரண்டு பிடிக்கும், எந்தத் தெருக் குழியில் தவளை குடியிருக்கிறது, மழைநாளில் குழிக்குள் கைவிடும்போது எப்படிப் பயமாக இருக்கும் என்று சொன்னார். அப்புறம் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தபோது ஊர் தண்ணீர் வரவில்லை என்று கத்தியதே தவிர, ஆள் என்ன ஆனான் என்று எட்டிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. தூங்குகிறவர்கள் முன்னால் உடைந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் தவறாமல் வருகிறவர் கீழத்தெரு உலகம்மாள். ஐம்பத்தெட்டு வயசு, புருசன் போய் இரண்டு வருசம், சிறுநீரகம் இரண்டும் பழுது. டவுன் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினால் ஆஸ்பத்திரி வாசலில்தான் திறப்பார். மற்றவர்கள் வாய் பிளந்து சரிந்து கிடப்பார்கள். உலகம்மாள் மட்டும் சாயாமல், குறட்டை விடாமல், மரியாதையாகத் தூங்குவார். இந்த உடம்போடு அந்த அக்கா தூங்குவது நம் வண்டியில் மட்டும்தானே என்று குற்றாலிங்கம் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உருகுவார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் கர்ச்சீப் கதையைச் சொன்னார். பாளையங்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்த காலம், காலை பஸ்சில் நிற்கக்கூட இடம் இருக்காது. இரண்டு ஸ்டாப் முந்தி ஏறுகிற ஒரு பெண், தன் முன்சீட்டில் தினம் கர்ச்சீப்பைப் போட்டு யாருக்கோ இடம் பிடித்து வைப்பாள். யாருக்கு என்று தெரியாமல் இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். ஒரு நாள் அவள் இவரைப் பார்த்து, "உங்களுக்குத்தான் போட்டிருக்கேன், உக்காருங்க" என்றாள்.

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கர்ச்சீப்ப எடுத்தேன். உக்காரல. அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டேன். பஸ்சு போயிருச்சு, கர்ச்சீப்பு என் கையில இருக்கு. மஞ்சக் கலரு, மூலையில ஒரு பூப் போட்டிருக்கும். பொறவு நான் என்ன செஞ்சேன்னா..."

அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது, எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மறுதடவையும் சொல்லவில்லை. யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தொடர்ந்து சொல்ல?

ஐப்பசியில் ஆர்டிஓ ஆபீசிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஆய்வாளர் அம்மா வெளியே வந்து, ஒரு வெள்ளைத்தாளை நாலு சக்கரத்துக்கும் அடியில் விட்டு எடுத்தார். தாள் தடங்கலில்லாமல் போய் வந்தது. அவரும் அதிசயப்படவில்லை, எத்தனையோ வண்டி பார்த்தவர்.

"இதோ பாருங்க, ரெண்டே வழி. வண்டி ரோட்டை உபயோகிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, வரி கேக்க மாட்டோம், இப்படியே ஓட்டிக்கலாம். பேர் மட்டும் மாறாது. இல்ல, பாக்கியோட வரியக் கட்டுங்க, வண்டி உங்க பேருக்கு வந்துரும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"வரி கட்டுனா வண்டி தரையில எறங்கிருமாம்மா?"

"எறங்காம? வரி எதுக்குக் கட்டுறீங்க?"

ஊருக்குச் சேதி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வாசல் நாற்காலி நாலும் நிறைந்து, மிச்சப் பேர் நின்றார்கள். ஆவுடையப்பன்தான் பேசினார். "கையெழுத்தப் போட்டுட்டு வாரும். வே, ஊரே உம்ம வண்டியிலதான் தூங்குது. கீழத்தெரு உலகம்மாள நெனச்சுப் பாரும். அது ஒடம்பு தாங்குமா இந்த ரோட்ட? நீரு டாக்ஸ் கட்டி எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறீரு?"

என்ன சொல்வார்? எனக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று ஐம்பது வயசு ஆம்பளை ஊர்க் கூட்டத்தில் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கையெழுத்துப் போட்டால் இந்த வாசலில் என்றைக்கும் கூட்டம் இருக்கும். போடாவிட்டால் பழையபடி வெறும் வாசல். அதுவும் அவருக்குத் தெரியாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் ஏழு பேர். பாலம் தாண்டினதும் குற்றாலிங்கம் சொன்னார், "இன்னைக்கு எனக்கு அம்பது முடியுது." கண்ணாடியைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. வாய்விட்டுக் கொஞ்சம் சத்தமாகவே, "எனக்குப் பொறந்தநாளு" என்றார். ஒரு குறட்டை நின்று மறுபடி தொடங்கியது. உலகம்மாளின் விரல்கள் பையை இறுக்கியதை அவர் பார்த்தார், வெளிக்காற்றுக் குளிராக இருக்கும் என்று ஜன்னலை ஏற்றிவிட்டார். ஆட்களை இறக்கிவிட்டு நேரே ஆர்டிஓ ஆபீசுக்குப் போனார், வரியைக் கட்டினார். அந்த அக்காவின் தூக்கத்தை விற்றுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

வெளியே வந்தால், வண்டி நாலு விரக்கடை இறங்கி நின்றது. எதிர்க்கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, சுற்றிவர ஒரு ஆள் இல்லாமல், தானே வைத்து, தானே எடுத்தார். சப்பென்று நாலும் நசுங்கின. சாறு ரோட்டில் தெறித்தது.

அன்றைக்குத் திரும்பி வந்த பதினாறு கிலோமீட்டரும் ஒரே ரகளை. உலகம்மாளை அன்றைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார்கள், மற்ற ஆறு பேரும் வண்டியில் இருந்தார்கள். எல்லோரும் முழித்திருந்தார்கள். எல்லோரும் பேசினார்கள். அவரைத் திட்டினார்கள். "நம்பி ஏறினதுக்கு நல்லா செஞ்சீரு" என்று ஒருத்தர், "இதுக்குப் பஸ்சுலயே போயிருக்கலாம்" என்று ஒருத்தர். மறுநாள் வாசலில் இரண்டு பேர், அதற்கு மறுநாள் யாருமில்லை. அதிலிருந்து ஒன்பது நாள் அந்த நாலு நாற்காலியிலும் வெயில்தான் உட்கார்ந்தது. விடிகாலையில் வால்வைத் திருகினார், தண்ணீர் வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. டீக்கடையில் ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை நீட்டினார், அதனால் "சீனி கம்மி" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம், தூங்குகிற முகமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்து நினைத்து அந்த மனுசன் அழுதார், சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அழுதார்.

வரி கட்டிய பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, துணிப்பையோடு உலகம்மாள் வந்து நின்றார். முகம் சுண்டிப்போய், ஆள் பாதியாகியிருந்தார்.

"நேத்துத்தான் வீட்டுக்கு விட்டாவ தம்பி. வண்டி வருமா?"

"அக்கா, வண்டி முந்தி மாதிரி இல்ல. தரையிலதான் ஓடுது. உங்க ஒடம்புக்கு..."

"தெரியும். எடுங்க" என்று சொல்லிவிட்டு, என்றைக்கும் இல்லாமல் முன்கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

அரிசி மில் திருப்பத்தில் முதல் பள்ளம். எவ்வளவு மெதுவாக இறக்கியும் தூக்கித்தான் போட்டது. "யம்மா" என்று உலகம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிக்கிடுங்க அக்கா. நீங்க தூங்குனதே இந்த வண்டியிலதான். அதயும் நான் கெடுத்துட்டேன்."

"யாரு தூங்குனா?" என்றார் உலகம்மாள். "அவரு போனதுலருந்து நான் ஒரு பொட்டுக் கண்ணசந்ததில்ல. எந்த வண்டியிலயும்தான்."

குற்றாலிங்கம் ரோட்டைப் பார்க்க மறந்தார். வண்டி இரண்டாவது பள்ளத்தில் தடாலென்று விழுந்து ஏறியது.

"பொறவு எதுக்குக் கண்ண மூடிக்கிட்டு இருந்தீய?"

"தொறந்தா நீங்க பேச்ச நிறுத்திருவீயளே."

பாலம் வந்தது. உலகம்மாள் பையைத் திறந்து, பொட்டலமாக மடித்த வாழையிலையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "பொறந்தநாளுக்கு மறுநாளே செஞ்சு கொண்டாரணும்னு இருந்தேன், படுக்கப் போட்டுட்டாவ. அதிரசம்தான். நாள் தள்ளிப் போச்சு." அப்புறம் மூன்றாவது பள்ளத்துக்கு முன்கூட்டியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மூணு மாசமா மனசு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு தம்பி. இப்பவாது சொல்லுங்க. அந்தக் கர்ச்சீப்ப என்ன செஞ்சீய?"